வெள்ளிக்கிழமை ஈரம்

என் மனைவி பகவதி இறந்து ஐந்து மாதமாகிறது. ஏழு வயது மகள் கோமுவின் தலைக்கு நானே எண்ணெய் தேய்த்து, சீயக்காயை வடிகஞ்சியில் கரைத்து அலசுகிறேன். சனிக்கிழமைதான் எனக்கு விடுமுறை. இடுப்பைத் தொடும் அந்த முடியில் சிக்கு இல்லை, பேன் இல்லை. எங்கள் தெருவில் அப்படி மின்னும் முடி வேறு கிடையாது. எனக்கு அதில் பெருமைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, விக்கிரமசிங்கபுரத்திலிருந்து என் மாமியார் வந்தார். பேத்தியைத் தன்னோடு அழைத்துப்போக முடிவுசெய்தே வந்திருந்தார்.

“சனிக்கிழமை தேய்ச்சி ஊத்துதியளாமே மாப்ளே! அது ஆம்பளைய குளிக்க நாளுல்லா. பொம்பளப்பிள்ளைக்கு வெள்ளிதான்.”

சொல்லிக்கொண்டே கோமுவின் கூந்தலுக்குள் விரல்விட்டவர் நிறுத்தினார். சீயக்காய் மணந்தது.

“ஈரமால்லா இருக்கு. இன்னைக்கு யாரு ஊத்துனா?”

“நான்தான் அத்தை.”

கோமு என்னைப் பார்த்தாள்.

மாமியார் முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எம்மவ பக்குவம் அப்படியே இருக்கு. பிள்ளை இங்கனயே இருக்கட்டும்” என்றார். தனியாகவே பஸ் ஏறினார்.

வெள்ளிக்கிழமைகளில் கோமு படுக்கையிலிருந்து எழும்போதே தலை நனைந்திருக்கும். குளியலறைத் தரை காய்ந்து கிடக்கும். நான் சாம்பிராணி போட்டு, நுனிவரை உலர்த்திவிடுகிறேன்.