கடைசி மொய்

போலந்து போக அனுமதி கேட்டிருந்தேன். நான் திருப்பிச் செய்யவேண்டிய மொய்களில் நாற்பத்தொன்று போனில் பச்சையாகிவிட்டன. ஒன்று மட்டும் சிவப்பு. என் கல்யாணத்தில் வீரணன் சித்தப்பா எழுதிய இருபதாயிரம். மொய்க்கடன் தீராதவர்களை விமானத்தில் ஏற்றக்கூடாது என்பது இப்போது சட்டம்.

பணத்தோடு உசிலம்பட்டிக்குப் போனேன். சித்தி இல்லை. ஒரே மகனும் இறந்து ஆறு வருஷமாகிறது. அந்த வீட்டில் இனி நல்லது எதுவும் நடக்கப்போவதில்லை.

"விசேஷம் இல்லாம கையில வாங்குனா உறவை முறிச்ச மாதிரிடா," என்றார் சித்தப்பா.

"வாங்கலேன்னா என்னைய விடமாட்டாங்க சித்தப்பா."

போனும் விசேஷத்தின் பெயரைத்தான் கேட்டது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுவீடு என்று ஒவ்வொன்றாக வாசித்தேன்.

"கருமாதி இருக்கா?"

"இருக்கு. யாருக்குன்னு போட?"

"எனக்குத்தான். அன்னைக்கு நீ வரப்போறதில்லையே. இப்பவே செஞ்சிட்டுப் போ."

போட்டேன். அவர் பணத்தை வாங்கிக்கொண்டு கட்டைவிரலை வைத்தார். சிவப்பு பச்சையானது.

"மொய் செஞ்சவன் சாப்பிடாமப் போகக்கூடாது," என்று தட்டை வைத்தார். கத்தரிக்காய்க் குழம்பு. உப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

கைகழுவிவிட்டுச் செருப்பை மாட்டினேன். போயிட்டு வரேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கருமாதி வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது.

சொல்லாமலே தெருவில் இறங்கினேன். அவரும் வாசல்வரை வரவில்லை.