தமிழ்ப் பையன்களுக்கு மட்டும்

காலிங் பெல் கையோடு வந்துவிட்டது.

ஒரு தடவை அழுத்தியிருந்தால் போதும். குளிரில் விரல் மரத்து, அழுத்துகிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. தெரியும்வரை அழுத்தினேன்.

கதவு திறந்தபோது அந்த வீட்டின் ஒரு பாகம் என் உள்ளங்கையில் இருந்தது. ஒயர் தொங்கியது.

"சார், ரூம் பார்க்க வந்தேன்" என்று பெல்லை அவரிடம் நீட்டினேன், தாம்பூலத் தட்டு மாதிரி.

வீட்டுக்காரர் சபாபதி சார் சிரித்துவிட்டார்.

"உடைச்சிட்டுத்தான் உள்ள வருவேன்னு வேண்டுதலா? வாப்பா, வா. அது போன வருஷத்துலேர்ந்தே ஆடிக்கிட்டுத்தான் இருந்துது."

கனடாவுக்குப் படிக்க வந்த நாளிலிருந்து அறை தேடுகிறேன். கதவைத் திறந்து சிரித்த முதல் மனிதர் இவர். மற்றவர்கள் எல்லாரும் "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம்.

அதுவரை நண்பன் ஒருவனின் அறையில், தரையில் படுத்துக் கிடந்தேன். வீட்டுக்காரிக்குத் தெரியாமல். என் குறட்டை எனக்கே தெரியாமல் போய் அவளிடம் சொல்லிவிட்டது.

இன்றோடு அங்கிருந்து காலி.

பெட்டிகள் இரண்டும் கல்லூரி நூலகத்தில். அது மூடினால் பெட்டிகளும் நானும் பனியில்.

அப்போதுதான் வாட்ஸ்அப் குழுவில் அந்த விளம்பரம். பேஸ்மென்ட் ரூம். தமிழ்ப் பையன்களுக்கு மட்டும்.

நான் தமிழ். பையனும்கூட. கேட்ட தகுதி மொத்தமும் என்னிடம் இருந்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

கீழே கூட்டிப்போய்க் காட்டினார். ஒரு கட்டில். ஒரு மேசை. கூரையை ஒட்டி ஒரு ஜன்னல், அதில் பாதி பனி.

"வெளிச்சம் கொஞ்சம் கம்மிதான்."

"படிச்சாத்தானே சார் வெளிச்சம் வேணும்."

மறுபடி சிரித்தார். நான் ஹீட்டர் மேல் கையை வைத்தேன். எடுக்க மனம் வரவில்லை.

"எப்ப வர்ற?"

"வந்துட்டேன் சார். பெட்டிதான் லைப்ரரில இருக்கு."

"இந்தப் பனியில பஸ்ல எங்க தூக்கிட்டு வருவ? இரு, கார்லயே போய் எடுத்தாந்துடலாம்."

மேலே வந்து கார் சாவியை எடுத்துக்கொண்டார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "கோமதி, தம்பிக்கும் சேர்த்து காபி."

உள்ளே காபி ஆற்றும் சத்தம் கேட்டது. ஒரு வீட்டின் சத்தம்.

சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தேன். ஒரே நாளில் இரண்டாவது பொருளை உடைக்க விருப்பமில்லை.

"பேரு என்ன சொன்ன?"

"இளம்பரிதி சார்."

"அப்பா பேரு?"

"அறவாழி."

"நல்ல தமிழ்ப் பேருங்க. ஆனா இப்பல்லாம் பேரை வச்சு ஒண்ணும் புடிபட மாட்டேங்குது."

சிரித்தார். நானும் சிரித்தேன். வீடு கிடைக்கப்போகிறவன் எதற்கும் சிரிப்பான்.

"ஊரு?"

"சிதம்பரம் பக்கம் சார்."

"பக்கம்னா?"

"மேலக்குறிச்சி."

"அட! எங்க சின்ன மாமனார் ஊராச்சே." சாவி அவர் விரலில் உற்சாகமாகச் சுற்றியது. "மேலக்குறிச்சில எங்க? பெருமாள் கோயில் தெருவா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். இங்கிருந்து யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்?

அந்தத் தெரு வந்தால் அப்பா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பார். மழையானாலும் இறங்குவார். பொய்யாகக்கூட அங்கே குடியேற முடியவில்லை என்னால்.

"இல்ல சார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்."

சாவி சுற்றுவது நின்றது.

"அந்தப் பக்கம்" என்றார் அவர். கேள்வியாக அல்ல.

"ஆமா சார்."

உள்ளே ஆற்றும் சத்தமும் நின்றுவிட்டிருந்தது.

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். பிறகு, முதல் தடவையாக, என் கால்கள் கம்பளத்தில் எங்கே இருக்கின்றன என்று பார்த்தார். நான் சாக்ஸ் விரலை மடக்கிக்கொண்டேன். அதில் ஒரு ஓட்டை இருந்தது. அதைத்தான் பார்க்கிறார் என்று நினைக்க எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது.

"ஒரு சின்ன விஷயம் தம்பி. வேற ஒருத்தர் காலைல வந்து பார்த்துட்டுப் போயிருக்கார். அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"இப்பவே கேளுங்க சார். நான் இருக்கேன்."

"இல்ல இல்ல, நானே போன் பண்றேன்." எழுந்தார். சாவி அவருடைய பைக்குள் போனது. "கோமதி, அந்தக் காபியை பேப்பர் கப்புல ஊத்திடு. தம்பி கிளம்பறார்."

கிளம்புவதாக நான் சொல்லவே இல்லை.

பூட்ஸுக்குள் காலைத் திணித்தேன். இடது, வலது மாறிப்போயிற்று. மாற்றினேன். அதற்குள் அவர் மாடிக்குப் போய்விட்டார். மேலே எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது.

அந்த அம்மா பேப்பர் கப்போடு வந்தார். கப்பை என் கையில் தரவில்லை. செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தார்.

எடுத்துக்கொண்டேன். சூடாக இருந்தது.

"சார் எப்ப போன் பண்ணுவார் ஆன்ட்டி? லைப்ரரி மூடறதுக்குள்ள தெரிஞ்சா நல்லாருக்கும்."

கதவைத் திறந்து பிடித்தபடி அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"காத்திருக்காதீங்க தம்பி. யாரும் வந்து பார்க்கல. ரூம் காலியாத்தான் இருக்கு. நாங்க ஜாதி பார்த்துத்தான் குடுக்கறோம்."

காற்று உள்ளே வந்தது. அவர் கதவை மூடவில்லை.

அவருக்காக எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. தப்பித்துக்கொள்ள ஒரு வழி விட்டேன்.

"சாருக்குப் பிடிக்காதாக்கும்?"

"எனக்கும்தான்" என்றார்.