‘சொட்டுது’ – பக்கம் ஒன்பது

“பதினாலு பக்க புக்குக்கு இன்னாத்துக்கும்மா தனியா ஒரு அட்டவணை?” என்றார் முதலாளி கலியபெருமாள்.

செஞ்சியில், திண்டிவனம் ரோட்டுக் கொட்டகையில், பூச்சிமருந்து அடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர்களைப் பாகம் பாகமாகப் பூட்டி விற்கிறவர் அவர். கூடவே கொடுக்கும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் புது மாடலின் படத்தைப் போட வேண்டும் என்பது அவர் ஆசை.

எனக்கு அந்தப் பக்கம் அட்டவணைக்கு வேண்டும். நான்கு மணிக்குள் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். மணி மூன்றரை.

கையேட்டை எழுதியவர் ஒரு சென்னை இன்ஜினீயர். முன்னால் இருக்கும் பொருளடக்கத்தில் ‘தெளிமுனைப் பராமரிப்பு’ என்று அழகாகப் போட்டிருப்பார். நடு வயலில் மிஷின் மக்கர் பண்ணும்போது எந்த மனுஷன் பராமரிப்பைத் தேடுவான்?

நான் நாலு மாதமாக, ஜனங்கள் போனில் புகார் சொன்ன வார்த்தைகளை அப்படியே ஒரு நோட்டில் எழுதி வந்தேன். அகர வரிசையில் அடுக்கி, எதிரே பக்க எண் போட்டேன். ‘கரகரன்னு சத்தம்’, ‘சார்ஜ் நிக்கல’, ‘சொட்டுது’, ‘பீச்சல’. ஒரே கோளாறை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லியிருந்தால் மூன்றையும் சேர்த்தேன். மொத்தம் ஐம்பத்து மூன்று.

அந்த நேரம் பார்த்து அனந்தபுரத்திலிருந்து செல்லம்மாள் என்றொரு அம்மா, ஸ்பிரேயரைத் தோளில் மாட்டியபடியே உள்ளே வந்தார். பஸ்ஸிலும் அப்படியேதான் வந்திருப்பார் போல. மருந்து பீச்சாமல் சொட்டுகிறது என்றார்.

முதலாளி வாய் திறப்பதற்குள் கையேட்டின் மாதிரிப் படியை அந்த அம்மாவிடம் நீட்டினேன்.

“யாரையும் கேக்காம இவங்களே கண்டுபுடிச்சிட்டாங்கன்னா பக்கம் எனக்கு.”

முதலாளி தலையாட்டினார், சிரித்துக்கொண்டேதான்.

செல்லம்மாள் பொருளடக்கத்தைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

புத்தகத்தைத் திருப்பினார்.

கடைசிப் பக்கத்தில் விரல் இறங்கி ‘சொட்டுது’வில் நின்றது. ஒன்பதாம் பக்கத்துக்குப் போய், வாய்க்குள்ளேயே எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.

முதலாளிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஸ்பிரேயரின் முனையைத் திருகிக் கழற்றி, இந்த ஊரில் எல்லாரும் செய்கிறபடி, ஊதி அடைப்பெடுக்க வாயருகே கொண்டுபோனார்.

“ஊதக்கூடாதாம் முதலாளி. உள்ள மருந்து நிக்குமாம். பல்லு வெளக்குற பழைய பிரஷ்ஷால தேய்க்கச் சொல்லியிருக்குது” என்றார் செல்லம்மாள்.

அவர் கை அப்படியே நின்றது. பதினைந்து வருஷத்தில் அந்த வாயால் எத்தனை முனைகளை ஊதியிருப்பாரோ.

ஒளிப்பானேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதலாளி அட்டவணையை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். படித்து முடித்தபோது சிரிப்பு போயிருந்தது.

“நல்லா யோசிச்சிதான் செய்யிறியா, ஷோபனா?”

“யோசிச்சிட்டேன் சார்” என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் அனுப்பும் பட்டனை நானே அழுத்தினேன்.

அவர் கேட்டதில் தப்பில்லை. இந்தப் பக்கம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், கொட்டகையில் புகார் போன் அடிக்காது.

அந்த போனை எடுக்க மட்டும்தான் எனக்கு அங்கே சம்பளம்.