மாமிக்குத் தெரியாமல்

பிள்ளைத்தாச்சியா என்று தாதி பிரெஞ்சில் கேட்டாள். மச்சாள் றொஷினி அதைத் தமிழில் சொன்னாள்.

மேனுகாவின் நாக்கு முந்திக்கொண்டது. இல்லை என்றுவிட்டாள்.

வேறென்ன சொல்ல? கட்டிலுக்கு மறுபக்கத்தில் மாமி மீனாம்பிகை நின்றிருந்தார்.

போன இரண்டு தடவையும் நாள் தள்ளிப்போனதுமே மாமி டொரொண்டோ முதல் லண்டன் வரை சொந்தக்காரருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டார். இரண்டும் தங்கவில்லை. அதே வீடுகளுக்குத் திரும்பப் போன் போட்டு அழவேண்டியதாயிற்று.

இந்த முறை மூன்று மாதம் முடியும்வரை ஒருவரிடமும் மூச்சுவிடுவதில்லை என்று அவளும் புருசன் பிருந்தனும் முடிவெடுத்திருந்தார்கள். பிருந்தனோ லொறியோடு அல்பேர்ட்டாவில். போன் எடுபடவில்லை.

றொஷினி தாதியிடம் பிரெஞ்சில் ஏதோ கதைத்தாள். மொன்றியலுக்கு வந்து இரண்டு வருடமாகியும் மேனுகாவுக்குப் பொன்ஜூர், மெர்சிக்கு மேல் ஏறவில்லை.

கட்டில் உருண்டது.

குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்தது. காற்றடித்து வயிற்றை ஊதவைத்து, மூன்று துளை போட்டு, கமெராவை விட்டு வெட்டி எடுப்பார்களாம்.

உள்ளே இன்னொரு உயிர் இருப்பது தெரியாமல்.

சத்திரசிகிச்சை அறையின் கதவு மூடியதும்தான் அது மேனுகாவுக்கு உறைத்தது. சொல்லிவிட வாயெடுத்தாள். முகமூடி வந்து மூடியது. பதறிப்போய் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். ஓமோம், அங்கேதான் வெட்டப்போகிறோம் என்பதுபோல் ஒருத்தி தலையாட்டினாள்.

கண் சொருகியது.

விழித்தபோது அடிவயிற்றில் எதையோ வைத்து வழவழவென்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம்.

பிள்ளையின் இதயம்.

டொக்டர் சொன்னதை றொஷினிதான் தமிழில் சொன்னாள். பிள்ளை இருப்பது தெரிந்ததால் காற்றைக் குறைவாக அடித்தார்களாம். முதல் துளையைக் குருட்டுவாக்கில் குத்தாமல், பார்த்துப் பார்த்துத் திறந்தார்களாம். இன்னும் சில நாள் கவனம் வேண்டுமாம்.

யார் சொன்னது என்று மேனுகா கேட்கவில்லை. மச்சாளைக் கையெடுத்துக் கும்பிடப் பார்த்தாள். சேலைன் ஏறிய கை எழவில்லை.

றொஷினி அறைக் கதவில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றிருந்தாள். வெளியே மாமி, அவளைப் பெற்ற தாய், தட்டிக்கொண்டிருந்தார்.

“பொறுங்கோ அம்மா, உடுப்பு மாத்தினம்.”

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“ஒரு பாத்ரூம் உள்ள வீட்டில எனக்கு ஒளிக்கலாமோடி? மூண்டு மாசம் முடிய அம்மாட்டைச் சொல்லு. நான் அப்பத்தான் கேக்கிற மாதிரித் துள்ளுறன்.”