கறுத்த எண்ணெய்

ஆயிரம் ஸ்பிண்டில் ஓடும் இரைச்சலில், எண்ணெய் இல்லாமல் கீச்சிடும் ஒன்றைக் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார் முஸ்தபா. அவர் வேலை பார்த்த பஞ்சு மில்லை மூடி இருபது வருஷமாகிறது. இரைச்சல் மட்டும் இன்னும் அவர் காதுக்குள் இருக்கிறது.

அதன் பிறகு பெரியநாயக்கன்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிள்களில் குலுக்கலைத் தாங்கும் முன் ஃபோர்க்கைப் பிரித்து எண்ணெய் மாற்றுவதில் கைதேர்ந்தவர். வடித்த எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, வண்டிக்காரரிடம் காட்டிவிட்டுத்தான் கொட்டுவார். அது அவர் வழக்கம்.

அன்றைக்கு வந்தது கிருபாசங்கரின் சைக்கிள். மோட்டார் கம்பெனி முதலாளி. ஆறடி உயரம், தொண்ணூறு கிலோ. கூடவே மனைவி சாந்தாமணி. அந்த வண்டியை விலைக்கு வாங்கப் பெருந்துறையிலிருந்து தீபக் வந்திருந்தான்.

"போன வருசம் பாய்கிட்ட எண்ணெய் மாத்துனதோட சரி தம்பி. ஒரு நாள்கூட ஓட்டலை. புது வண்டியாட்டம் ஊட்டுல நிக்குது" என்றார் கிருபாசங்கர்.

"அப்ப பிரிச்சே பாத்துக்கலாமுங்கண்ணா" என்றான் தீபக்.

முஸ்தபா பம்ப்பை மாட்டி ஃபோர்க்கில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். சீட்டை ஒரு தரம் பார்த்தார். பிறகு காற்றை இறக்கிவிட்டு, அடி போல்ட்டைக் கழற்றி, ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார்.

எண்ணெய் சொட்டியது. தார் மாதிரி கறுப்பு. பாட்டிலின் அடியில் பொடிமண் படிந்தது.

தீபக் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தான். "நின்ன வண்டிக்கு மண்ணு எங்கிருந்துங்கண்ணா வந்துச்சு?"

"மருதமலையான் மேல சத்தியமா நான் ஓட்டலை தம்பி!"

"அப்ப அக்கா ஓட்டியிருப்பாங்க."

கிருபாசங்கர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இவளா? ஸ்கூட்டிக்கு ஸ்டேண்டு போடவே பக்கத்து ஊட்டுல ஆள் கூப்புடுவா!"

சாந்தாமணியும் சிரித்தார்.

"சரிங்கண்ணா, ஊட்டுல கேட்டுப்போட்டுப் போன் பண்றேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனான் தீபக். அவன் போன் பண்ண மாட்டான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

கிருபாசங்கர் முஸ்தபா பக்கம் திரும்பினார்.

"இப்பத்தான் புரியுது பாய். போன வருசம் நீ புது எண்ணெயே ஊத்தலை. எவன் வண்டியிலயோ வடிச்ச பழசை ஊத்திப்போட்ட."

முஸ்தபா துணியில் கையைத் துடைத்தார்.

"பேசு பாய். தப்பு உன்னுதா இல்லையா?"

முஸ்தபா ஒரு கணம் சாந்தாமணியைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னுதாத்தான் இருக்குமுங்க" என்றார் முஸ்தபா.

"இத்தன வருசம் உன்னைய நம்புனேன் பாரு! மூட்டிக் குடு. இனி இதை எவன் வாங்குவான்? ஊட்டுலயே கெடந்து துருப்புடிக்கட்டும்."

கிருபாசங்கர் பாட்டிலைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, விருட்டென்று காருக்குப் போய் உட்கார்ந்தார்.

முஸ்தபா புது எண்ணெயை அளந்து ஊற்றி, ஃபோர்க்கை மூட்டினார். காற்றடிக்கும் முன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, சீட்டை மேல ஏத்திப்போடட்டுங்களா? இல்ல உங்க உசரத்துக்கே இருக்கட்டுங்களா?"

சாந்தாமணி வாசலைப் பார்த்தார்.

"எப்படிங்க பாய் தெரிஞ்சுது?"

"அவரு எடைக்கு நூத்திப்பத்து காத்து அடிச்சு அனுப்பிச்சேனுங்க. இன்னிக்கு அறுவதுதான் இருக்குது. சீட்டு நாலு விரக்கடை எறங்கியிருக்குது."

"அவரு காலைல ஆறு மணிக்குக் கம்பெனிக்குப் போனதும் மலையடிவாரம் வரைக்கும் போயிட்டு வந்துருவேனுங்க. அந்த ஒரு மணி நேரந்தான் எனக்கு. தெரிஞ்சா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு. வண்டியையும் தொடவுட மாட்டாரு."

"எம் வாயில வராதுங்க."

சாந்தாமணிக்குக் கண் கலங்கியது. "உங்க பேரு கெடக் கூடாதுங்க பாய். நேரம் பாத்து நானே அவருகிட்டச் சொல்லிப்போடறேனுங்க."

முஸ்தபா அறுபதே அடித்தார்.

அன்று மாலையே சைக்கிள்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கிருபாசங்கர் எழுதினார்: 'முஸ்தபா கடையில் பழைய எண்ணெயையே ஊற்றுகிறார்கள். உஷார்.' பாட்டிலின் படத்தையும் போட்டார். இருநூற்று நாற்பது பேர் பார்த்தார்கள். கணவரின் போனில் சாந்தாமணியும் பார்த்தார்.

அடுத்த மாதம் கடைக்கு மூன்று வண்டிகள் வந்தன. அதற்கடுத்த மாதம் ஒன்று.

சாந்தாமணி இன்றும் காலையில் மலையடிவாரம் வரை போய் வருகிறார். சொல்வதற்கு இன்னும் நேரம் அமையவில்லை.

கடையை மூடிவிட்ட முஸ்தபா இப்போது பெருந்துறையில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக இருக்கிறார்.