தண்ணி வேகனில் எழுதிய பெயர்

"திருட்டுப் பய. பட்டப்பகல்ல, நாலு பேரு பாக்கத் திருடிகினு நிக்கிறான்" என்றார் இருசப்பன்.

டீக்கடை சரவணகுமார் காட்டிய வீடியோவை மூக்குக்கிட்ட வைத்து மூன்றாவது தடவையாகப் பார்த்தார்.

நெம்மேலியில் ஒரு சவுக்குத் தோப்புக்குள் குட்டி ரயில் ஓடுகிறது. சாண் அகலத் தண்டவாளம். நிஜமாகவே கரி தின்னும் எஞ்சின். பின்னால் முழங்கால் உயரத்துக்கு ஐந்து கூட்ஸ் வேகன். நாலில் ஆட்கள் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து போகலாம். ஐந்தாவது, எஞ்சினுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் டேங்கர். எல்லாம் ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் தேசிகனின் ஆசை.

ஐந்து வேகனும் செய்தது மாமல்லபுரத்தில், இருசப்பனின் வெல்டிங் பட்டறையில்.

வீடியோவில் தேசிகன் தொப்பியோடு நின்று விருந்தாளிகளிடம் சொல்கிறார்: "எஞ்சின்தான் வெளியில வாங்கினது. வேகன் அஞ்சும் நானே கட்டினது."

"நானே கட்டினானாம். ஸ்குரு திருகத் தெரியுமாடா அந்தாளுக்கு?"

"வுடு அண்ணாத்த. பெரிய மனுசன், வாய் தவறிச் சொல்லிகீறாரு."

இருசப்பன் விடுகிற ஆள் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவர் செய்த ஓட்டல் கேட்டில் காண்ட்ராக்டர் தன் பெயரைப் பொறித்துக்கொண்டான். அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவர் கால் வைத்ததில்லை. எங்கே போனாலும் சுற்றிக்கொண்டுதான் போவார். படித்தது இரண்டாம் வகுப்பு. தப்பில்லாமல் எழுதத் தெரிந்த ஒரே வார்த்தை அவருடைய பெயர். அதையும் எவனாவது அழித்துவிட்டுப் போவானா?

"கண்ணகி, வண்டியை எடு."

மருமகள் கண்ணகி பட்டறைக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் மொபெட் ஓட்டுவதில்லை. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்.

ஈ.சி.ஆர். ரோட்டில் கடல் காற்று முகத்தில் அறைந்தது. அப்படியும் அவர் வாய் ஓயவில்லை.

"ஒருத்தர் கையால செஞ்ச வேலைக்கு இன்னொருத்தர் பேரு வாங்கிகினா, அதுக்குப் பேரு இன்னா?"

"திருட்டு மாமா."

"செஞ்சவன் வாயில்லாதவன், எதுத்துக் கேக்க மாட்டான்னுதானே நெனப்பு?"

"ஆமா மாமா" என்றாள் கண்ணகி, ரோட்டைப் பார்த்தபடி.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் தோப்பில் பத்துப் பதினைந்து விருந்தாளிகள் இருந்தார்கள். ரயில் நின்றிருந்தது. தேசிகன் டேங்கரிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்கோ இருசப்பன், நல்ல சமயத்துல..."

"வேகனை யாரு கட்டினது சார்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா சார் முழிக்கிறீங்க? வீடியோ பாத்தேன். நீங்களே கட்டினீங்களாமே. எந்தக் கையால கட்டினீங்க, காட்டுங்க பாக்கலாம்."

தேசிகன் முகம் சுருங்கிவிட்டது. "ஏதோ பேச்சு வாக்குல சொல்லிட்டேன். தப்புதான்."

"எங்கிட்ட சொன்னா ஆச்சா? இவங்ககிட்ட சொல்லுங்க. அடுத்தவங்க வேலைக்குத் தன் பேரை ஒட்டிக்கிறது, அடுத்தவன் எலையில கை வச்சுச் சாப்புடற மாதிரி சார்."

தேசிகன் தொப்பியைக் கழற்றினார். விருந்தாளிகள் பக்கம் திரும்பினார்.

"இந்த வேகனையெல்லாம் நான் கட்டலை. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். கட்டினவர் இதோ நிக்கறார்."

அதோடு நிற்கவில்லை. ஷெட்டுக்குள் போய் வெள்ளைப் பெயின்ட்டும் பிரஷ்ஷும் கொண்டுவந்தார். எழுபது வயதில், டேங்கர் முன்னால் முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்கோ, என்னன்னு எழுதட்டும்?"

"கட்டினது இருசப்பன். பெருசா எழுதுங்க."

கண்ணகி பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுதி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். இருசப்பன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கிட்டப் போய் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்து எரிச்சல் அடங்கியது போலிருந்தது.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் தேசிகன். "முன்னாடி வச்சிருந்த டேங்கர் வளைவுல போனா தண்ணி அலம்பி, ஒரு பக்கமா சாஞ்சுடும். இது அசையறதே இல்லை. நான் குடுத்த படத்துல அதுக்கு ஒண்ணும் போடலையே. உள்ளே என்ன பண்ணினேள்?"

விருந்தாளிகள் நெருங்கி வந்தார்கள். இருசப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். வாயைத் திறந்தார். பிறகு, பட்டறையில் யாராவது சந்தேகம் கேட்டால் எப்படித் திரும்புவாரோ அப்படியே திரும்பினார்.

"ஏம்மா கண்ணகி, உள்ள இன்னா பண்ண?"

"மூணு தடுப்புத் தகடு வச்சு வெல்டு பண்ணேன் மாமா. லாரித் தண்ணி புடிச்சுத் தூக்கினு வர்றப்ப, அலம்பாம இருக்கக் குடத்துல வேப்பங்கொத்து போடுவோம் இல்ல, அந்த மாதிரி."

தேசிகன் அவளை நிமிர்ந்து பார்த்தார். டப்பாவைப் பிடித்திருந்த கையெல்லாம் நெருப்புப் பொறி சுட்ட புள்ளிகள்.

"மத்த நாலு வேகன்?"

"மாமா வெல்டிங் நெருப்பைப் பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்கய்யா. அஞ்சும் நான்தான்."

இருசப்பன் பையைத் துழாவிக் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

தேசிகன் பிரஷ்ஷை அவரிடம் நீட்டினார்.

"பெயின்ட் இன்னும் காயலை, இருசப்பன்."