அப்பா சொன்ன பதில்

“முழங்கால் காயம் ஆறிவிட்டதே, கடைசிப் பந்தயத்தில் உன்னை இறக்கலாமா என்று, உன்னைக் கூட்டிப்போக வந்த அப்பாவிடம் கேட்டேன். மறுத்துவிட்டார்,” என்றார் கல்லூரிப் பனிச்சறுக்கு அணியின் வெள்ளைக்காரக் கோச். இருபது வருடம் அணியை நடத்திய அவருக்கும் அதுவே கடைசிப் பந்தயம்.

“எங்கள் தமிழ் ஆட்கள் அப்படித்தான், பெண்பிள்ளைகளை விளையாட விடமாட்டார்கள்!” என்று அணி முழுக்கச் சொல்லி அழுத துவாரகா, வீட்டில் அப்பாவோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

பந்தயத்தன்று, வீடிருக்கும் வோபர்னிலிருந்து பஸ் மாறிப் பஸ் ஏறி, இரவல் ஜாக்கெட்டும் கமராவுமாக அப்பா வந்து நின்றார்.

“உன்ர முறை எப்ப, பிள்ளை?”

“நீங்கள்தானே கோச்சிட்டை வேண்டாமெண்டு சொன்னனீங்கள்!”

“ஐயோ, நான் ஓம் எண்டெல்லோ தலையாட்டினனான்?” அப்பா இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டினார்.

“இன்னும் மாட்டேன் என்கிறாரா?” என்று அணித் தோழி ஒருத்தி ஆறுதலாகத் துவாரகாவின் தோளைத் தொட்டாள்.

துவாரகாவுக்குத் தலை நிமிரவில்லை.